சிறுவாணி நீரில் குளிக்கும் வண்டிகள்



வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியளவில் கரும்புக்கடையிலோ குனியமுத்தூரிலோ போத்தனூரிலோ ஏதேனும் ஒரு சந்துக்குள் நடந்து பாருங்கள். ஜும்ஆவுக்குப் புறப்படும் முன் வண்டி பளபளக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாசலிலும் ரப்பர் குழாய் ஓடிக்கொண்டிருக்கும். துணி துவைக்கும் சோப்புத்தூளின் நுரை சந்தின் நடுவே வழிந்து சாக்கடையில் இறங்கும். மதரஸாவிலிருந்து திரும்பும் பிள்ளைகள் அந்த வழுக்கலில் கால் பதித்துத் தடுமாறுவார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று மிம்பரிலிருந்து கேட்பதற்காக, பாதையில் இடையூறை ஊற்றிவிட்டுப் புறப்படுகிறோம்.

இதைக் கசப்புடனேயே எழுதுகிறோம். ஏனெனில் சில ஆண்டுகளுக்கு முன்வரை எங்கள் வீட்டு வாசலிலும் அதே குழாய்தான் ஓடியது.

அந்தக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. கோவையில் இருவகைத் தண்ணீர் உண்டு என்பது ஊரறிந்த செய்தி. ஒன்று நல்ல தண்ணீர். சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வருவது. மற்றது உப்புத் தண்ணீர், போர்வெல்லில் இறைப்பது. உப்புத் தண்ணீரில் கழுவிய வண்டி வெயிலில் காய்ந்தால், கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாகப் படிந்துவிடும். கறுப்பு வண்டியில் அது அம்மைத் தழும்புபோலத் தெரியும். எனவே நம்மில் பலர் கண்டுபிடித்த வழி, வண்டிக்கு நல்ல தண்ணீரைத் திருப்பிவிடுவது. பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் உப்புத் தண்ணீர். வண்டியைக் குளிப்பாட்டச் சிறுவாணி. குடும்பத்தில் வண்டிக்கு நாம் கொடுத்திருக்கும் அந்தஸ்து இவ்வளவு உயரமானது.

அந்தச் சிறுவாணி எளிதில் வந்ததல்ல. மலையிலிருந்து அந்நீரைக் கொண்டுவர வேண்டும் என்று நரசிம்மலு நாயுடு போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குரல் கொடுத்தார்கள். நகரத்துக் குழாய்களில் அது விழுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். தென்மேற்குப் பருவமழை ஒரு வருடம் முகம் திருப்பினால், ஊர் முழுவதும் அணையின் நீர்மட்டத்தையே பேசிக்கொண்டிருக்கும். குடத்துடன் காத்திருந்த நாட்களை நம் வீட்டுப் பெண்கள் மறக்கவில்லை. மறந்தவர்கள் ஆண்கள்தாம், குழாயைப் பிடித்திருப்பவர்களும் அவர்களே.

ஒரு சிறு கணக்கு. எங்கள் வாசல் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் நிரம்பியது. இருபது நிமிடம் கழுவினால் 300 லிட்டர். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூ செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. முத்து எவ்வளவு என்பதில் மத்ஹபுகளின் கணக்கு சற்று வேறுபடும். தாராளமாக ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வண்டியை ஒருமுறை கழுவிய தண்ணீர் முந்நூறு உளூவுக்கு உரியது. ஐவேளையும் புதிதாக உளூ செய்யும் ஒருவருக்கு இரண்டு மாதத் தண்ணீர். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வீண்விரயம் கூடாது என்ற செய்தியைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்று கூறும் அறிஞர்கள் இருப்பதால் நாம் அதைச் சான்றாக வைக்கவில்லை. வைக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஒரு முத்து போதும்.

"எங்கள் சொந்த போர்வெல், எங்கள் மின்கட்டணம், உங்களுக்கென்ன?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. குழி உங்களுடையது, அடியில் இருக்கும் நீர் உங்களுடையதா? தண்ணீரில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்பது நபிமொழி தரும் சட்டம். உங்கள் மோட்டார் ஓடும்போது அடுத்த வீட்டாரின் கிணற்றில் மட்டம் இறங்குகிறது. 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீரின்றித் தவித்தபோது, குடிநீரில் வாகனம் கழுவத் தடை விதித்து, மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் என்று அறிவித்தார்கள். அங்கே அதிகாரி வந்து சொல்ல வேண்டியிருந்தது. நமக்குச் சொல்ல வேண்டியவர் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார்.

சாக்கடையில் இறங்கிய நுரை எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நம் பகுதிச் சாக்கடைகள் பல குளங்களுக்கும் நொய்யலுக்கும்தான் போய்ச் சேர்கின்றன. நொய்யலில் நுரை பொங்கும் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி வருந்துகிறோம். திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிட்டபோது வரவேற்றுப் பேசியவர்கள் நம்மிலும் உண்டு. பட்டறைக்காரரின் கழிவையும் நம் வாசல் கழிவையும் ஒன்றாக வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நம்முடையதை நிறுத்த எந்த நீதிமன்றமும் தேவையில்லை.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம், அது வலுவானது. தூய்மை ஈமானின் பாதி. செல்வம் இருந்தும் கந்தலில் வந்த தோழரிடம், அல்லாஹ் தந்த அருட்கொடையின் அடையாளம் உம்மீது தெரியட்டும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஆகவே வண்டியை அழகாக வைப்பது தவறா? தவறே இல்லை. கடன் வாங்கியோ வளைகுடாவில் வியர்வை சிந்தியோ வாங்கிய வண்டியை அழுக்கில் விட்டு அழிப்பதும் விரயம்தான். நாம் எதிர்ப்பது தூய்மையை அல்ல. தூய்மையின் பெயரால் நடப்பது வண்டியையே கெடுக்கிறது என்பதுதான் வேடிக்கை.

வண்டியின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம் உண்டு. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடியைக் காட்டிலும் மெல்லியது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொண்டுவந்து அப்பும் தூசி அதன்மேல் கிடக்கும்போது, காலையில் பழைய கைலியால் உலர்வாகத் துடைப்பது மணல்தாளால் தேய்ப்பதற்குச் சமம். எங்கள் கறுப்பு வண்டியை நாங்கள் மூன்று வருடம் அப்படித்தான் 'பராமரித்தோம்'. பிறகு ஒருநாள் வெயிலில் பார்த்தால் பானெட் முழுவதும் சிலந்திவலைக் கீறல்கள். துணி துவைக்கும் சோப்புத்தூளோ, பூசியிருந்த மெழுகை ஒரே கழுவலில் உரித்துவிடும்.

சரியான முறைக்கு 30 லிட்டர் போதும். ஃபஜ்ரு தொழுதுவிட்டு, வெயில் ஏறுமுன், நிழலில் தொடங்குங்கள். தகடு சூடாக இருக்கக் கூடாது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் கொங்கு நாட்டில் எந்த விவசாயப் பொருள் கடையிலும் கிடைக்கும். புதிதாக ஒன்று வாங்கி வண்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் நீரை அதில் ஊற்றி, வண்டி முழுவதும் தெளித்துத் தூசியை ஊறவிட்டு இறக்க வேண்டும். கை வைப்பது அதன் பிறகே. இரண்டு வாளிகள்: ஒன்றில் வண்டிக்கான ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடையுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்புவில் இடுங்கள். மணல் அந்த வாளியின் அடியில் தங்குவதைக் கண்ணால் காணலாம். இத்தனை நாள் அது எங்கே உரசியது என்பதும் புரியும். சக்கரங்களுக்குத் தனித் துணி, தனி நீர். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கே இருக்கிறது. கடைசியாகத் தெளிப்பானால் அலசிவிட்டு உடனே ஒற்றியெடுங்கள்.

இந்த ஒற்றியெடுத்தலில்தான் சிறுவாணிப் பிரச்சினைக்கும் தீர்வு இருக்கிறது. உப்புத் தண்ணீர் தானாகக் காய்ந்தால்தான் கறை. காயுமுன் துடைத்தால் உப்பு துணியோடு போய்விடும். இன்னும் ஐயமிருந்தால், ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்துங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து திரண்ட அந்நீரில் உப்பு அநேகமாக இல்லை. மழைநீரும் அப்படியே. சிக்கனம் என்று எண்ணி ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை ஊற்றுகிறவர்களும் உண்டு. அது உப்பு செறிந்த நீர். வாசல் கழுவ உதவும், வண்டிக்கு ஆகாது. பறவை எச்சம் விழுந்தால் வெள்ளிக்கிழமைவரை காத்திராமல் அன்றே ஈரத்துணியை ஊறவைத்து எடுத்துவிடுங்கள். வெயிலில் அது படலத்தையே அரித்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் மெழுகு பூசினால் சாதாரண வண்டிக்கு அதுவே பாதுகாப்பு. இவற்றைப் பிள்ளைகளை உடன் வைத்துச் செய்யுங்கள். மாதச் சம்பளத்துக்கு ஒரு சிறுவனை வைத்து உலர்துணியால் துடைக்கச் சொல்லிவிட்டு, கீறல் விழுந்தால் அவன் கூலியில் பிடிப்பது எந்த மார்க்கத்தில் உள்ளது?

இவ்வளவு எளிய வேலையை மறைத்துத்தான் ரூ.20,000க்கும் 30,000க்கும் செராமிக் கோட்டிங் விற்கப்படுகிறது. அது மோசடிப் பொருள் என்று நாம் சொல்லவில்லை. தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும், கழுவுவது எளிதாகும், மெழுகைவிட நீண்ட நாள் நிற்கும். ஆனால் "9ஹெச் கடினம், கீறலே விழாது" என்ற விளம்பரம்? அந்த 9ஹெச் என்பது பென்சில் முனையால் உரசிப் பார்க்கும் சோதனையின் அளவு. வைரத்துக்கு அடுத்த கடினம் என்று கேட்பவர் எண்ணிக்கொள்ளட்டும் என்றே விட்டுவிடுகிறார்கள். சாலையில் தெறிக்கும் கல்லை அது தடுக்காது. எங்களிடம் ஒரு கடையில் கீறலை 'நிரந்தரமாக' நீக்கித் தருவதாகப் பணம் வாங்கினார்கள். நாலு கழுவலில் கீறல் அத்தனையும் திரும்பி வந்தது. நீக்கவில்லை, பசையால் அடைத்திருந்தார்கள். உண்மையில் நீக்குவது என்றால் படலத்தைச் சில மைக்ரான் தேய்த்தெடுப்பது. அதை எத்தனை முறை செய்ய முடியும் என்று எந்தக் கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை.

இந்தக் கோட்டிங்கின் செலவைப் பெண் வீட்டார் தலையில் கட்டும் திருமணங்களையும் பார்க்கிறோம். கைக்கூலி ஹராம் என்று மேடையில் முழங்கிவிட்டு, "அன்பளிப்பு" வண்டியை ரிப்பன் கட்டி மண்டப வாசலில் நிறுத்துகிறோம். காரூன் தன் அலங்காரத்துடன் சமூகத்தார் முன் வெளிப்பட்ட வரலாற்றை ஓதாத வீடு நம்மில் இல்லை. அவனாவது தன் சொத்தைக் காட்டினான். இங்கே காட்டப்படுவது மாமனாரின் கடன்.

எல்லாவற்றிலும் கனமான விஷயம் விற்கும் நாளில் இருக்கிறது. பழைய வண்டி வியாபாரத்தில் நம்மவர் பலர் இருப்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். இடித்துத் தட்டி மறுபெயிண்ட் அடித்த கதவைப் பாலிஷ் போட்டு மறைத்து, கண்காட்சி வெளிச்சத்தில் நிறுத்தி, "ஒரிஜினல் பெயிண்ட், பாய்" என்று சொல்லும் நாவும், சற்று முன் தஸ்பீஹ் செய்த நாவும் ஒன்றே. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். பாலிஷ் என்பது இன்றைய குவியலின் உலர்ந்த மேற்பகுதி. வாங்குகிறவர் கைவிட்டுப் பார்ப்பதும் நியாயமே: ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயிண்ட் தெறிப்பு, இரு கதவுகளிடையே நிற வேறுபாடு, படலத்தின் தடிமனைக் காட்டும் சிறு கருவி.

எங்கள் சந்தில் ஒரு பெரியவர் கடந்த ரமலானுக்கு முன் தம் வண்டியை விற்றார். வாங்க வந்தவரை உச்சி வெயிலில் வண்டியருகே அழைத்துச் சென்று, இடது பின்கதவு மறுபெயிண்ட் என்று தாமே விரலால் சுட்டிக் காட்டினார். அவர் ரூ.15,000 குறைத்துக் கேட்டார். பெரியவர் குறைத்தே கொடுத்தார்.