வெளிநாட்டுக்குப் புத்தர், உள்நாட்டில் கலெக்டர் அனுமதி

2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் பேசிய பிரதமர் மோடி, உலகுக்கு யுத்தத்தை அல்ல, புத்தரைத் தந்த நாடு இந்தியா என்றார். 2022இல் மங்கோலியாவுக்கும் 2024இல் தாய்லாந்துக்கும் புத்தரின் எலும்புத் துண்டுகள் விமானப்படை விமானத்தில் அரசு மரியாதையோடு போய் வந்தன. பௌத்த நாடுகளோடு உறவு வளர்க்க ஒன்றிய அரசுக்குப் புத்தர் வேண்டும்.

அதே 2024 ஏப்ரலில் குஜராத் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. இந்து ஒருவர் பௌத்தராக வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வாங்க வேண்டுமாம். அங்கே பௌத்தத்துக்குப் போகிறவர்கள் யார்? 2016இல் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகக் கட்டிவைத்து அடிக்கப்பட்ட தலித் குடும்பத்தினர் 2018இல் பௌத்தம் தழுவினார்கள். அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த அனுமதிச் சீட்டு. புத்தரை ஏற்றுமதி செய்ய எந்த ஆட்சியரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இதையெல்லாம் அமெரிக்கா தட்டிக் கேட்கும் என்று நம்புகிற நண்பர்கள் நம்மிடையே உண்டு. 1998இல் கிளின்டன் கையெழுத்திட்ட சர்வதேச மதச் சுதந்திரச் சட்டம் அங்கே இருக்கிறது. அதன்படி அமைந்த ஆணையம், இந்தியாவைக் கவலைக்குரிய நாடுகளின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2020 முதல் ஆண்டுதோறும் பரிந்துரைத்து வருகிறது. டிரம்பின் முதல் ஆட்சியும் அதை ஏற்கவில்லை, பைடன் ஆட்சியும் ஏற்கவில்லை. சவூதி அரேபியா 2004இலேயே பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் ‘தேசிய நலன்’ கருதி நடவடிக்கையிலிருந்து அதற்கு விலக்கு! இதே சட்டத்தைக் காட்டித்தான் 2005இல் மோடிக்கு விசா மறுத்தார்கள். 2014இல் அவர் பிரதமரானதும் வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார்கள். ஆயுதமும் எண்ணெயும் சந்தையும் பேசும் இடத்தில் மதச் சுதந்திரம் வாய் திறக்காது.

அந்தச் சட்டம் நேர்மையாகவே நடந்தாலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு மதத்தாரை அரசோ இன்னொரு மதத்தாரோ ஒடுக்குவதை அளப்பதற்காக எழுதப்பட்டது அது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித் பிணங்களைப் பிரித்து எழுப்பிய சுவரை அதில் எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? இரண்டு பக்கமும் ஒரே சிலுவை, ஒரே ஜெபம். நடுவில் இருப்பது சாதி.

அந்தச் சாதியை மதத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருப்பது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்கிறது அதன் மூன்றாவது பத்தி. சீக்கியர்களுக்கு 1956இல் கதவு திறந்தது. அதே 1956இல் அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்ற மக்கள் 1990 வரை, 34 ஆண்டுகள், காத்திருந்தார்கள். கிறித்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. சேரியில் அதே வீடு, அதே தெரு, ஊராரிடம் அதே வசவு. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் தனித்தொகுதி போகிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றப்படுகிறார். அடிப்பவனுக்கு அந்தப் பட்டியல் தெரியாது.

மதத்தை விட்டு வெளியேறுவதற்கு அரசே விதிக்கும் அபராதம் இது. ஒடுக்கப்பட்டவருக்கு மதச் சுதந்திரம் என்றால் முதலில் வெளியேறும் சுதந்திரம்தான். 1981இல் மீனாட்சிபுரம் தலித்துகள் இஸ்லாத்துக்குப் போனபோது, ‘வளைகுடாப் பணம்’ என்று கூச்சல் போட்டார்கள். தீண்டாமையைப் பற்றிக் கேட்டால் அந்நியச் சதியைக் காட்டுவது அன்றே தொடங்கிய பழக்கம். இன்று அமெரிக்க ஆணையத்தின் அறிக்கை வரும்போதும் வெளியுறவுத் துறையின் பதில் அதேதான்: உள்நாட்டு விவகாரம், தலையிடாதே. அண்டை நாட்டவரின் மதத் துன்பத்தைப் பார்த்து 2019இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மட்டும் அது உள்நாட்டு விவகாரமாகத் தெரியவில்லை போலும். அதிலும் முஸ்லிம்கள் விலக்கப்பட்டார்கள். 1983 முதல் இங்கே முகாம்களில் கிடக்கும் ஈழத்தமிழர்களுக்கும் இடமில்லை.

வாஷிங்டனுக்கு மனுப் போடுவதால் மூன்றாவது பத்தி நீங்காது. நாடாளுமன்றம் நினைத்தால் ஒரே திருத்தத்தில் முடியும். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அதை நீக்கவே பரிந்துரைத்தது. அந்த அறிக்கை குறைபாடுடையது என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்ன ஒன்றிய அரசு, கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிதாக ஓர் ஆணையம் போட்டது. கொடுத்த காலம் இரண்டு ஆண்டு. அது முடிந்ததும் மேலும் ஓர் ஆண்டு நீட்டித்தார்கள்.