ஆப்பிரிக்கா எங்கே, அடி அண்ணாமலை எங்கே?



2023-ம் வருஷம் ஜூன் மாசம். சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக் கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, பையனை ரெண்டு வாரம் கென்யாவுக்கு அனுப்பறோம். காட்டு விலங்குகளைப் பத்திப் படிக்கிற முகாம். அவன் வயசுப் பிள்ளைங்க இருபது பேர் போறாங்க" என்றாள்.

செலவு எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். புளிக்கரைசல் கையிலிருந்து நழுவாமல் பிடித்துக் கொண்டது என் சாமர்த்தியம்!

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தாள் என் பெண். அப்போது அவளுக்குப் பதினாலு வயசு. "அம்மா, நானும் போகணும்" என்று ஆரம்பித்து விட்டாள்.

"ஆப்பிரிக்கா எங்கே, அடி அண்ணாமலை எங்கே? போய் ஹோம் ஒர்க்கைப் பாரு" என்று விரட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டு போனாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. அப்படி அங்கே போய் என்னதான் செய்கிறார்கள், பார்ப்போமே என்று விசாரித்தேன்.

நான் நினைத்தது வேறு. ஜீப்பில் உட்கார்ந்து சிங்கத்தைப் பார்த்து, போட்டோ எடுத்துக் கொண்டு வருவார்கள் என்று நினைத்தேன். நல்ல முகாம்களில் பிள்ளைகளுக்கு வேலை உண்டாம். காலடித் தடம் பார்த்து எந்த மிருகம் என்று எழுத வேண்டும், எத்தனை மான், எத்தனை வரிக்குதிரை என்று கணக்கெடுக்க வேண்டும், மரக்கன்று நட வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. பணம் கட்டி வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே, உள்ளூர்ப் பிள்ளைகள் இதைச் செய்திருக்கிறார்கள். கென்யாவில் 1968-லேயே பள்ளி மாணவர்களுக்கான வனவிலங்குக் கழகங்கள் தொடங்கி விட்டன. 1977-ல் வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி கிராமத்துப் பெண்களைக் கூட்டி மரம் நட ஆரம்பித்தார். நாற்றங்கால் போட்ட அந்தப் பெண்களுக்கு ஒரு சிறு தொகை கொடுப்பார்களாம். நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு! 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பிழைத்த கன்றுக்குத்தான் காசு என்பது என் மனசில் தைத்து விட்டது. பிள்ளை பெறுவது ஒருநாள் பாடு, வளர்ப்பது இருபது வருஷப் பாடு என்று நமக்குத் தெரியாதா என்ன?

அப்புறம்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்தேன். 2,669 அடி உயரம். தினமும் துணி உலர்த்தும்போது கண்ணில் படுகிற மலை. கார்த்திகைக்குத் தீபம் பார்ப்போம், பௌர்ணமிக்கு 14 கிலோ மீட்டர் கிரிவலம் போவோம். அதில் என்ன மரம் இருக்கிறது, என்ன மிருகம் இருக்கிறது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது.

என் மாமியாருக்குத் தெரியும். "நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப மலை மொட்டைப் பாறையாத்தான் கெடந்துது. புல்லு, அங்கங்க முள்ளுப் புதர், அவ்வளவுதான்" என்பார். 1980-களின் கடைசியில்தான் சிலர் சேர்ந்து மலையில் மறுபடி காடு வளர்க்க முயற்சி தொடங்கினார்கள். பிறகு 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை வந்தது. நம் மண்ணுக்குரிய நாட்டு மரங்களை நாற்றங்காலில் வளர்த்து, ஒவ்வொரு மழைக்காலமும் ஆயிரக்கணக்கான கன்றுகளை மலையில் நடுகிறார்கள். அவர்கள் தொடங்கிய 'மருதம்' பண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் நடுவதும் ஒரு பாடம். வெளியூர், வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் தேடி வந்து இதில் கலந்து கொள்கிறார்கள். நாம் மலையடிவாரத்தில் குடியிருந்து கொண்டு கென்யாவுக்கு ஏங்குகிறோம்!

அந்த ஐப்பசியில் என் பெண்ணின் தோழிகள் நாலைந்து பேர், ஒரு ஆசிரியையோடு கன்று நடப் போவதாக ஏற்பாடு. இவளும் பேர் கொடுத்து விட்டு வந்தாள். எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. பாம்பு இருக்குமே, மழை வருமே, வயசுக்கு வந்த பெண்ணாச்சே! மாமியார் கண்டிப்பாக வேண்டாம் என்பார், அவர் பேரைச் சொல்லி நிறுத்தி விடலாம் என்று மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

மாமியார் வெற்றிலையை மடித்தபடியே, "போவட்டும், வுடும்மா" என்றாரே பார்க்கணும்!

"அத்தை, மலைக்கு..."

"மலைக்குத்தான். எனக்குப் பதினாலு வயசுல விடியக்காலம் எழுந்து, கூழைக் குடிச்சுட்டு அந்த மலைக்குத்தான் விறகுக்குப் போவேன். செருப்புகூட கெடையாது. ஒரு கட்டு வெட்டித் தலையில வச்சா எறங்கி வர மத்தியானம் ஆயிடும். எங்கம்மா ஒருநாளாவது வேணாம்னு சொன்னாளா? வீட்ல அடுப்பெரியணுமே." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பச்சை மரத்தையும் வெட்டியிருக்கேன். நான் வெட்டுன மலைல என் பேத்தி நட்டுட்டு வரட்டுமே" என்றார்.

எனக்கு வாயே எழவில்லை. அவர் பதினாலு வயதில் விறகுக்குப் போனதை யாரும் சாகசப் பயணம் என்று சொன்னதில்லை. என் பெண் அதே மலைக்குப் போக நான் நூறு யோசனை செய்கிறேன்.

போய் வந்தாள். முழங்கால் வரை சேறு. பதினோரு கன்று நட்டாளாம். ஒன்று நாவல் கன்று, அது தன்னுடையது என்று அடையாளமாகப் பக்கத்தில் மூன்று கல் வைத்து விட்டு வந்தாளாம். வழியில் புள்ளிமான் கூட்டம் பார்த்ததை ராத்திரி வரை சொல்லிக் கொண்டிருந்தாள். கிரிவலப் பாதையில் நாம் போட்டு விட்டு வருகிற பிளாஸ்டிக் பையைச் சாப்பாட்டு வாசனைக்கு அந்த மான்கள் தின்று விடுகின்றன என்று கேட்டு வந்ததிலிருந்து, எங்கள் வீட்டில் கிரிவலத்துக்குப் பிளாஸ்டிக் பை தடை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த கோடையில் ஒருநாள் ராத்திரி மலையில் தீ. கோடையில் புல் காய்ந்தால் இங்கே அது சகஜம். சிவப்புக் கோடாக மலைமேல் ஊர்ந்தது. "அம்மா, என் கன்று இருக்கிற பக்கம்!" என்று அழுதாள். போக வேண்டும் என்று செருப்பை மாட்டிக் கொண்டாள். அன்றைக்கு மட்டும் நான் வாசற்கதவைப் பூட்டி விட்டேன். தீ அணைப்பது பழகிய பெரியவர்கள் வேலை. அதில் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. இதை நீங்களும் கண்டிப்பாக மனதில் வையுங்கள்.

சில வாரம் கழித்து ஆசிரியையோடு போய்ப் பார்த்தார்கள். பதினொன்றில் ஏழு கருகிப் போயிருந்தது. நாவல் கன்றும் போய் விட்டது. நாலு பிழைத்திருந்தது. காரணம் கேட்டாள். புல்லுக்கு வேர் மிஞ்சினால் போதும், அடுத்த மழைக்குத் துளிர்த்து விடும். பிஞ்சுக் கன்றுக்குத் தண்டு வெந்தால் பெரும்பாலும் அதோடு சரி. அதனால் தீ தாண்ட முடியாதபடி, கோடைக்கு முன்பே அகலப் பாதை போலப் புல்லை அறுத்து எடுத்து விடுகிறார்கள். தீத்தடுப்புக் கோடு என்று பேர். பிழைத்த நாலும் அந்தக் கோட்டுக்கு இப்பால் இருந்தவை.

அடுத்த தையில் அவளாகவே புல் அள்ளிப் போடப் போனாள். நடும்போது இருந்த ஆர்ப்பாட்டம் இல்லை, போட்டோ இல்லை. கை முழுக்கக் கீறல். எனக்கென்னவோ, அன்றைக்குத்தான் அவள் ஒரு பிடி வளர்ந்து விட்டதாகத் தோன்றியது.

நடுவில் ஒரு துயரமும் நடந்தது. 2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவாரம் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். ஊரில் எந்தத் தாயும் அந்த வாரம் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள். "மரம் இருந்தா சரிஞ்சிருக்காதாம்மா?" என்று கேட்டாள் பெண். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேர்கள் மேல்மண்ணைப் பிடித்து வைக்கும். அன்று கொட்டிய பேய்மழைக்கும், பெரும்பாறைக்கும் மரம் மட்டும் பதில் சொல்லி விடாது. மலையை நேசிக்கிறவர்கள் மலைக்குப் பயப்படவும் தெரிந்திருக்க வேண்டும். கனமழை எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றேன். தலையாட்டினாள்.

அதன் பிறகு அவளை இன்னும் கொஞ்ச தூரம் அனுப்பும் துணிச்சல் எனக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் சென்னையில் என் அக்கா வீட்டில் விட்டேன். அங்கே 1988-லிருந்து மாணவர்களே நடத்தி வரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று இருக்கிறது. முட்டையிடும் பருவத்தில் நள்ளிரவுக்கு மேல் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை எடுத்து, வேலி போட்ட மணலில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்குமாம். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு வரும். நம் தெரு விளக்கைப் பார்த்துக் கடல் என்று எண்ணி, ஊர்ப்பக்கம் ஏறி வந்து செத்துப் போகுமாம். அதனால்தான் பொறித்தவுடன் கொண்டு போய்க் கடலோரம் விடுகிறார்கள்.

அந்த வருஷ ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியிருந்தன. இழுவலையில் மாட்டினால் மூச்சு விட மேலே வர முடியாமல் போய் விடுகிறது. என் பெண் போன ராத்திரியும் செத்த ஆமை இரண்டைத்தான் பார்த்தாள். முட்டையிட வந்த ஆமை ஒன்றும் கண்ணில் படவில்லை. "ஏமாத்தமா இருந்துதா?" என்றேன். "அடுத்த வருஷமும் போறேன்" என்றாள். பெரியம்மாவும் கூடவே நடந்தாள், கால்வலி ஒரு வாரம்!

உங்கள் பிள்ளையையும் அனுப்ப ஆசையா? என் அனுபவத்தில் சில வார்த்தை.

முதலில், கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பொறுப்பாளர் யார்? பெண் ஒருவர் கூட வருகிறாரா? வனத்துறை அனுமதி உண்டா? அனுமதியில்லாமல் மலையேறுவது தவறு, ஆபத்தும்கூட. முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எது? பதில் சொல்ல முகம் சுளிக்கிறவர்களோடு அனுப்பாதீர்கள்.

உடுப்புக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, கெட்டி பேன்ட், மூடிய ஷூ. துப்பட்டா முள்ளில் மாட்டும், தொப்பி போதும். திரும்பி வந்ததும் குளிக்கச் சொல்லி, காதோரம், அக்குள், முழங்கால் மடிப்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டுக்குப் புளிசாதமும் வறுத்த வேர்க்கடலையும் கெடாது. தண்ணீரோடு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு. குரங்குக்கு ஒரு கவளம்கூடப் போடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

பெண்ணுக்கு மாதவிலக்கு நாள் என்றால் அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. உடம்பு ஒத்துழைத்தால் போகட்டும். நாப்கினும், உபயோகித்ததைச் சுற்றிக் கொண்டு வரப் பேப்பரும் பையும் வையுங்கள். காட்டில் போட்டு விட்டு வரக் கூடாது.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் பிள்ளையிடம் மூன்று தடவை சொல்ல வைத்துக் கேளுங்கள்.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் சாத்தனூர் அணை. அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். வீட்டில் ஒரு தொட்டியில் வேப்பங்கொட்டை போட்டு, தண்ணீர் ஊற்றுவது உன் வேலை என்று நாலு வயசுப் பிள்ளையிடம் விடுங்கள். பயணம் அங்கேதான் ஆரம்பம்.

போன வாரம் நாத்தனார் பையன் போனில் பேசினான். "சிங்கம், யானை எல்லாம் பார்த்தேன். உன் மலையில என்ன இருக்கு?" என்று சீண்டினான். "கீரி இருக்கு, மானிருக்கு, நாலு கன்னு இருக்கு. ஒண்ணு என் இடுப்பு உயரம்" என்றாள் இவள்.

அவன் கொஞ்சம் யோசித்து விட்டு, "டிசம்பர்ல வந்தா நட விடுவாங்களா?" என்று கேட்டான்.

"மழையைப் பார்த்துச் சொல்றேன்" என்றாள் என் பெண், பெரிய மனுஷி மாதிரி. ஆயா பக்கத்தில் வெற்றிலையை மடித்துக் கொண்டு சிரித்தார்.

வரட்டுமா? அடுத்த இதழில் பார்ப்போம்.