முதுகுத் துணியும் பேட்டண்டும்



"ஃபாரின் போய் சேவை" என்றதும் நம் மனசில் ஒரு படம் ஓடும். போகிறவர் கொடுப்பவர், அந்த ஊர்க்காரர் வாங்குபவர்! இந்தப் படத்தில் பாதி தப்பு என்பதே என் கட்சி.

1961-ல் அமெரிக்கா பீஸ் கோர் என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கியது. அதன் சட்டத்தில் மூன்று நோக்கங்கள் உண்டு. முதலாவது, பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்புவது. மற்ற இரண்டும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது பற்றியவை. ஆக, கற்றுக்கொள்வதும் டியூட்டிதான். இதைப் பலரும் கவனிப்பதில்லை.

ஆன் மூர் என்ற நர்ஸ் 1960-களின் தொடக்கத்தில் இந்தத் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்குப் போனார். அங்கே அன்றாடம் கண்ணில் படுவது என்ன? முதுகில் குழந்தை! யாம் என்கிற கிழங்கை அவித்து, மர உரலில் உலக்கை போட்டு இடிப்பார்கள்; அப்போதும் குழந்தை முதுகில்தான். தலையில் சுமை, சந்தைக் கூட்டம், எங்கேயும் அப்படியே. எல்லாம் ஒரே ஒரு துணி. (அந்த அச்சுத் துணியை மொத்த வியாபாரம் செய்து பென்ஸ் கார் வாங்கிய லோமே நகரத்துப் பெண்மணிகளுக்கு 'நானா பென்ஸ்' என்றே பட்டப்பெயர். சும்மா இல்லை!)

அம்மா குனிகிறாள், குழந்தையை முதுகில் சாய்க்கிறாள், அதன் அடிப்பக்கத்தைத் தாங்கும்படி துணியைச் சுற்றி முன்னால் இறுக்கிச் செருகுகிறாள். கொக்கி கிடையாது, பட்டன் கிடையாது. நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் மனப்பாடம் பண்ணுகிற பெல்ட் ஃப்ரிக்‌ஷன் கணக்கு அங்கே ஒரு உடம்பைச் சுற்றி நடக்கிறது. சுமை உடம்போடு ஒட்டியிருப்பதால் முதுகுக்கும் பாரம் குறைவு. இதை டிசைன் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

ஊர் திரும்பி, தனக்குக் குழந்தை பிறந்ததும் ஆன் மூர் அதே மாதிரி கட்டிப் பார்த்தார். குழந்தை நழுவியது! பார்க்க எளிது, கைக்கு வர வருஷக்கணக்காகும். கடைசியில் அவருடைய அம்மா பை போலத் தைத்துக் கொடுத்தார். தெருவில் பார்த்தவர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். 'ஸ்னக்லி' பிறந்தது, 1969-ல் பேட்டண்டும் வந்தது.

டோகோ அம்மாவுக்கு என்ன கிடைத்தது? அதில் ஒரு காசும் இல்லை. இதற்காக ஆன் மூரைத் திருடி என்று திட்ட நான் தயாரில்லை. எங்கே கற்றேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தைத்த பைக்குத்தான் பேட்டண்ட், அந்த அம்மாக்களின் கட்டுக்கு இல்லை. பின்னாளில் நோயாளிகள் ஆக்சிஜன் சிலிண்டரைச் சுமக்கவும் பை வடிவமைத்தார், நல்ல காரியமே. ஆனாலும் பேட்டண்ட் தாளில் கண்டுபிடித்தவர் பெயருக்குக் கட்டம் இருக்கிறது, சொல்லிக்கொடுத்தவர் பெயருக்கு இல்லையே! அதுதான் எனக்கு உறுத்துகிறது.

நம்மில் சிலர் நாளை தொண்டராகவோ வேலைக்கோ வெளிநாடு போவோம். அங்கே ஒரு கூடை, ஒரு முடிச்சு, ஒரு அடுப்பு கண்ணில் படும். வரைந்து கொண்டு வாருங்கள், தாராளமாக! ஆனால் டிராயிங் ஷீட்டின் டைட்டில் பிளாக்கில் 'டிரான் பை', 'செக்டு பை' போடுகிறோமே, அதற்குக் கீழே "கற்றது யாரிடம், எந்த ஊரில்" என்று இன்னொரு வரி வேண்டும். வெளிநாடு போகும்வரை காத்திருப்பானேன்? இந்த வருஷ என்.எஸ்.எஸ். கேம்ப் ரிப்போர்ட்டிலேயே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி நம் யூனியன் பிரின்சிபாலிடம் மனு கொடுக்கட்டும். முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.