கிளார்க்குக்குக் கிடைக்காத எண்

கோணேசர் மலையை நீங்கள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! 1956இல் அதன் அடிக்கடலில் மூழ்கி, பழைய கோயிலின் செதுக்குத் தூண்களைக் கண்டவர்களில் ஒருவர் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இங்கிலாந்தில் பிறந்து, இலங்கையிலேயே தங்கி, 2008இல் கொழும்பில் காலமானவர். அவர் பெயரில் வானத்தில் ஒரு கல் சுற்றுவது தெரியுமா, சகோதரிகளே?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் இலட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. அதில் ஒன்றை 1981 மார்ச் 2ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் எடுத்த படத்தில் எஸ். ஜே. பஸ் கண்டார். நம் வீட்டில் ஏழாம் நாளே பிள்ளைக்குப் பெயர் வைத்து விடுகிறோம். இதற்கோ, சுற்றும் பாதை திட்டமாகத் தெரியவே ஆண்டுக்கணக்காகும். பிறகு எண், அதன் பிறகே பெயர். இதற்கு வந்த எண் 4923. கிளார்க்குக்கு 2001 மேல்தான் ஆசை, அவர் கதையின் பெயராயிற்றே! அது முன்பே ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது.

பெயரைக் கண்டவர் முன்மொழியலாம். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்ப வேண்டும். அரசியல்வாதி என்றால் இறந்து நூறு வருடம் கழிய வேண்டும். காசுக்கு இடமே இல்லை. ‘உங்கள் பிள்ளையின் பெயரை நட்சத்திரத்துக்கு வைத்துச் சான்றிதழ் தருகிறோம்’ என்று விற்கிறார்களே, அந்தப் பெயரை வானியலாளர் எவரும் ஏற்பதில்லை. வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணத்தை அதில் போட்டு விடாதீர்கள்.

துறைமுகப் பக்கம் நின்று 4923ஐத் தேடவும் வேண்டாம். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது.