மலைக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு



போன கிழமை காலை ஆறரைக்கு பலாங்கொடையிலிருந்து பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காருக்குள் என்னோடு மூன்று டீச்சர்மார். மழை, மேலே ஏற ஏற மூடுபனி. நான்கு பேரின் மூச்சு, நனைந்த குடைகள், கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகிப் போனது. புளோவர் செத்து இரண்டு மாதம். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் துணி. ஒரு வளைவில், துடைத்த ஓட்டை வழியே சிவப்பு ரெயின்கோட் ஒன்று தெரிந்தது. பிரேக் பிடித்து நின்றபோது அந்தப் பிள்ளைக்கும் பம்பருக்கும் இடையில் இரண்டு முழம்தான். எங்கள் ஸ்கொலர்ஷிப் வகுப்புப் பிள்ளை. "குட் மோர்னிங் சேர்" என்று சொல்லிவிட்டு நடந்து போனது. எனக்குத்தான் கால் நடுங்கியது.

என் கார் ட்ராட் சன்னி, பி12. வாங்கிய புதிதில் ஒரு கராஜில் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் கழற்றி, எஞ்சினிலேயே வளைத்து மாட்டிவிட்டார்கள். "இந்த நாட்டுக்கு ஹீட்டர் எதுக்கு சேர்?" நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். இன்று சொல்கிறேன், கொழும்புக்கு அது சரியாக இருக்கலாம். ரக்குவானைக்கும் புலுத்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் சரியில்லை. ஹீட்டர் நம் குளிருக்கு இல்லை, கண்ணாடிக்கு. ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து எடுக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும், புளோவர் அதைக் கண்ணாடிக்கு அனுப்பும். மூன்றும் சேர்ந்தால்தான் மங்கல் சீக்கிரம் போகும். ஏசியை மட்டும் கண்ணாடிக்கு அடித்தால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கம் மங்கும், அது வைப்பருக்குப் போய்விடும். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அமுக்கி வைத்திருந்தால் என்ன போட்டும் பிரயோசனமில்லை. வெளிக்காற்றில் வையுங்கள்.

இனி புளோவர் கதை. முதலில் 1, 2, 3 வேகங்கள் போயின, 4 மட்டும் ஓடியது. கராஜில் பார்த்த உடனே "மோட்டர் போச்சு, பஞ்சிகாவத்தையில் முழு செட்டாக எடுங்க" என்றார்கள். நான்கில் ஓடுகிற மோட்டர் எப்படிப் போயிருக்கும்? குறைந்த வேகங்களுக்குக் கரண்ட் ரெசிஸ்டர் வழியாக வருகிறது, கூடிய வேகத்துக்கு நேராக வருகிறது. அப்படியென்றால் போனது ரெசிஸ்டர். மோட்டர் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. நான் கேட்கவில்லை, செட்டும் எடுக்கவில்லை, நான்கிலேயே ஓட்டினேன். பிறகு பியூஸ் போகத் தொடங்கியது. இன்னொரு இடத்தில் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி "இனிப் போகாது" என்றார்கள். உண்மைதான், பியூஸ் போகவில்லை. பிளக் உருகியது. டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்காதது எங்கள் நால்வரின் அதிர்ஷ்டம்.

அந்தப் பிள்ளையைக் கண்ட பின்னேரம் ஒரு வயரிங் பாஸ் டெஸ்ட் லாம்ப் ஒன்றோடு அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் காட்டினார். பியூஸின் இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறதா, மோட்டர் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா, எர்த் பிடிக்கிறதா. அத்தனையும் சரியாக இருந்தும் ஓடாவிட்டால்தான் மோட்டரைக் குறை சொல்ல வேண்டும். தட்டினால் ஓடி நின்றுபோகிற மோட்டருக்கு பிரஷ் தேய்ந்திருக்கும், அது வேறு கதை. என் மோட்டரைக் கழற்றினால் உள்ளே ஒரு கைப்பிடி றப்பர் இலை! முன் கண்ணாடிக்குக் கீழுள்ள சல்லடை வழியாக விழுந்தவை. இலை காற்றை அடைத்தது, காற்றில் குளிர வேண்டிய ரெசிஸ்டர் கருகியது. பெயாரிங் காய்ந்து மோட்டர் கூடுதல் கரண்ட் இழுத்தது, பியூஸ் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஏசித் தண்ணீர் போகும் குழாயும் அடைபட்டு, இடப்பக்கக் காப்பெட் நனைந்து கிடந்தது. அந்த ஈரமும் கண்ணாடிக்குத்தான் போயிருக்கிறது.

"சேர், வித்துட்டு வேற கார் எடுங்க" என்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இப்போதைய விலை உங்களுக்கே தெரியும். நம் பகுதியில் இந்தப் பழைய சன்னியும் லான்சரும் கேஈ70யும் இன்னும் பல வருடம் ஓடத்தான் போகின்றன. வருடாவருடம் புகைப் பரிசோதனை செய்கிறோம். அங்கே யாரும் புளோவரைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எனக்கு அதிகம் கவலை ஹயர் ஓடும் வேன்கள். நடுச்சாமத்தில் லயத்திலிருந்து பிரசவ வலியோடு ஒரு தாயை ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்கு இறங்குகிற தம்பிமார், பின்னால் ஆறு பேர் மூச்சுவிட, துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறார்கள். டிவி, சவுண்ட் செட், கலர் லைட் எல்லாம் எரிகிறது. புளோவருக்கு மட்டும் ஈயத்தாள். தம்பிமாரே, கோபிக்க வேண்டாம், இதை நானும் செய்தவன்.

ரெசிஸ்டர் மாற்றியாயிற்று, சரியான பியூஸும் போட்டாயிற்று. ஹீட்டரைத் திரும்பப் பூட்ட வேண்டும். ட்ராட் சன்னி ஹீட்டர் வால்வு ஒன்று நல்ல நிலையில் யாரிடமாவது இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.