ஒப்புக்குச் சப்பாணி

சென்ற மாதம் உறவினர் வீட்டுக் குழந்தையொன்றின் பிறந்தநாள் வைபவத்துக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் கூடத்தில், கேக் வெட்டும்வரை குழந்தைகளை விளையாட வைப்பதற்கென்றே மைக்கும் கையுமாக ஓர் இளைஞரைப் பணம் பேசி அழைத்திருந்தார்கள். அவர் 12 குழந்தைகளை நிறுத்தி, 11 நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மியூசிக்கல் சேர் என்று அறிவித்து, சினிமாப் பாட்டை ஓடவிட்டு நிறுத்தினார். பட்டுப்பாவாடை காலைத் தடுக்கத் தடுக்க ஓடிய, நான்கு வயதுக்கு மேலிராத சிறுமி ஒருத்தி முதல் நிறுத்தத்திலேயே நாற்காலி கிடைக்காமல் திகைத்து நின்றாள். "பாப்பா அவுட்! எல்லாரும் கை தட்டுங்க!" என்றார் அவர். தட்டினோம். அவள் போய்த் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ள, தாயும் சமாதானமாகக் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த ஆட்டத்தின் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். 12 பேர் ஆடினால் 11 சுற்று. முதலில் வெளியேறும் குழந்தை மிச்சமுள்ள 10 சுற்றுகளையும் வேடிக்கை பார்க்க வேண்டும். எந்தக் குழந்தைக்கு ஓடவும் சமாளிக்கவும் பயிற்சி அதிகம் வேண்டுமோ அதற்கு அரை நிமிஷ ஆட்டமும், ஏற்கெனவே கெட்டிக்காரனான பையனுக்கு முழு ஆட்டமும் பரிசும் கிடைக்கும்படியான இந்த விசித்திர நியாயத்தை, குழந்தைகளை மகிழ்விக்கும் உபாயமென்று நாம் எவ்விதச் சங்கடமுமின்றி ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

நம் தெருப் பிள்ளைகள் இதற்கு வெகுகாலத்துக்கு முன்பே ஒரு பரிகாரம் கண்டிருந்தார்கள். அதற்கு ஒப்புக்குச் சப்பாணி என்று பெயர். (சப்பாணி என்ற சொல் நடக்க இயலாதவரைக் குறிப்பது, அதை இப்படிப் பிரயோகித்தது அழகல்ல, ஆனால் வழக்கம் அழகானது.) "தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போறதானா போ" என்று தாய் விதித்த நிபந்தனையின் பேரில், மூக்கொழுகும் மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு அக்காள் தெருவுக்கு வருவாள். சா பூ திரி போட்டுப் பிடிப்பவனைத் தீர்மானிக்கையில் அந்தச் சின்னக் கையும் நடுவே நீளும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, விலக்கித் தள்ளுவதுமில்லை. அவன் ஓடலாம், கத்தலாம், ஒளிந்த இடத்தை விட்டு நடுத்தெருவில் நின்று சிரிக்கலாம். தொட்டாலும் அவன் அவுட் இல்லை. எல்லோருக்கும் அது தெரியும், அவன் ஒருவனைத் தவிர. பிறகு ஒருநாள், அந்த இரகசியம் அவனுக்கும் புலப்பட்டு, "நான் ஒண்ணும் சப்பாணி இல்லே, என்னையும் சேத்துக்கணும்" என்று அவனே அழுது அடம்பிடிப்பான். அன்றைக்கு அவன் நிஜமான ஆட்டக்காரனாவான்.

பழைய விளையாட்டெல்லாம் கருணை வடிவம் என்று நான் சொல்லவரவில்லை. பக்கத்துக்கு 7 குழியாக ஆடும் பல்லாங்குழியில், தோற்றவளிடம் காய் குறையக் குறையக் குழிகளும் ஒவ்வொன்றாய்க் குறைந்து, அவள் போண்டியாகும்வரை எதிரி விடமாட்டாள். ஆனாலும் கடைசிக் குழிவரை அவள் பலகையின் முன்னேதான் உட்கார்ந்திருக்கிறாள். சடுகுடுவிலோ இன்னும் சுவாரஸ்யம்: எதிரணியில் ஒருவன் விழுந்தால் நம் அணியில் வெளியேறிய ஒருவன் மீண்டும் உள்ளே வருகிறான். சஞ்சீவனி என்றே அம்முறைக்குப் பெயர். விழுந்தவர் விழுந்தவராகவே வெளியில் நிற்கும் காமினி முறையும் இருந்தது. இன்று சர்வதேசப் பந்தயங்களில் நிலைத்திருப்பது சஞ்சீவனிதான். இவ்வாட்டங்களை ஆண்பால், பெண்பால், இருபால் என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் பகுத்து, 1954-இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று தனி நூலே எழுதினார் தேவநேயப் பாவாணர்.

கோலி விளையாடும் சுவிஸ் நாட்டுச் சிறுவர்களை அருகிருந்து கவனித்து, 1932-இல் நூலொன்று வெளியிட்ட ழான் பியாஜே, சிறு குழந்தை விதியை மாற்றவொண்ணாத தெய்வ வாக்காகக் கொள்கிறதென்றும், பத்து வயதை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளோ அது தங்களுக்குள் பரஸ்பர சம்மதத்தால் ஆனதென்றும், எல்லோரும் இசைந்தால் மாற்றத்தக்கதென்றும் உணர்கிறார்கள் என்றும் விளக்கினார். தெருவில் 'அழுகுணி ஆட்டம்' என்று கூச்சலிட்டு, காய் விட்டு, அரைமணியில் பழம் விட்டு நம் பிள்ளைகள் கற்றதும் அதுவே. மைக் பிடித்த நடுவர் அந்தச் சண்டைக்கு இடமே வைப்பதில்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்காசிரியர் கடன் வாங்காமல் விட்டால், விசில் ஊதுகிறவர் ஒருவர் வந்து நிற்கிறார்.

நாற்காலி ஆட்டத்தையே விடமுடியாதென்பவர்களுக்கு ஒரு யோசனை. கனடா நாட்டுக்காரரான டெரி ஆர்லிக் கூட்டுறவு விளையாட்டுகளைப் பற்றி 1978-இல் வெளியிட்ட நூலில், நாற்காலியை மட்டும் எடுங்கள், குழந்தையை எடுக்காதீர்கள் என்ற முறையைக் காணலாம். பாட்டு நிற்கும்போதெல்லாம், மிஞ்சிய நாற்காலிகளில் அத்தனை பேரும் ஒருவர் மடியில் ஒருவராக எப்படியாவது தொற்றிக்கொள்ள வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரும் விருந்தில் இதைத் தவிர வேறு விதமாக அந்த ஆட்டத்தை நடத்தலாகாதென்பது என் அபிப்பிராயம்.

அன்று கூடத்தில் நாற்காலிகள் மூன்றாகக் குறைந்திருந்த சமயம், என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பொலி கேட்டுத் திரும்பினேன். அவுட் ஆனவர்களெல்லாம் மேடைப் படியைக் கல்லாகவும் தரை விரிப்பை மண்ணாகவும் கொண்டு கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியை எங்கோ போட்டுவிட்டு வந்த பட்டுப்பாவாடைக்காரி மண்ணின் நட்டநடுவில் நின்று குதித்தாள். பிடிக்க வேண்டிய பையன் இருமுறை அவள்மேல் உரசியபடியே ஓடியும், கை பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மைக்கில் வெற்றி பெற்றவனின் பெயர் முழங்கியபோது, கை தட்டுவதற்குப் பெரியவர்கள் நாங்கள் மட்டுமே இருந்தோம்.