அளந்து பார்ப்பதற்கும் கூலி உண்டு

சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் வசிப்பவர்களுக்கு, மழை நின்ற பிறகுதான் சில தொல்லைகள் ஆரம்பமாகும் என்பது அநுபவத்தில் கண்ட உண்மை. 2015 டிசம்பரிலும், மீண்டும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த எங்கள் தெருக்களில் தேங்கி நின்ற நீர், வடிந்து மறைந்த பின்னும், வாசலில் நின்ற வாகனங்களின் அடிப்பாகத்தில் தன் சுவட்டை வைத்துவிட்டே போயிற்று. அந்தச் சுவடு சில மாதங்கள் ஓசையின்றி வளர்ந்து, ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பும்போது, சுழல மாட்டாமல் திணறும் என்ஜினின் முனகலாக வெளிப்படுகிறது.

இருபது வயதை நெருங்கிய என் டீசல் காருக்கு 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நேர்ந்தது இதுவே. முதலில் போன பட்டறையில் பேட்டரி ஆயுள் முடிந்துவிட்டது என்றார்கள். புதிய பேட்டரி வாங்கிப் பொருத்தினேன். பதினைந்து நாட்களில் பழைய முனகலே திரும்பி வந்தது. இரண்டாவது பட்டறையில், “டைனமோ போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார்கள். இரண்டு இடங்களிலும் பேச்சில் உறுதி இருந்ததே ஒழிய, ஒருவர் கையிலும் மீட்டர் இல்லை. பிறகு மேடவாக்கத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் என்ஜினை ஓடவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் நான்கு இடங்களில் நிதானமாக வைத்துப் பார்த்தார். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட், பேட்டரியில் 13.0. நடுவே காணாமற்போன 1.2 வோல்ட்டில், 0.1 மட்டுமே பாசிட்டிவ் கம்பியில் தொலைந்தது, மீதி 1.1 வோல்ட்டும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் இடையே தொலைந்துகொண்டிருந்தது. கீழே குனிந்து எர்த்துக் கேபிளின் போல்ட்டைக் கழற்றினார். அதன் அடியில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. கேபிளை மாற்றி, உலோகம் பளிச்சிடும்வரை அந்த இடத்தைத் தேய்த்து முடுக்கியபின், பேட்டரியில் 14.1 வோல்ட் நின்றது. மொத்த வேலையும் அரைமணி நேரம்.

இவ்விடத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் ஏற்பாட்டின் தத்துவத்தைச் சற்று விளக்குவது அவசியம். பட்டறைகளில் இன்றைக்கும் டைனமோ என்று பழைய பெயராலேயே வழங்கும் ஆல்டர்னேட்டர், என்ஜினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டு மின்சாரம் உண்டாக்குகிறது. அதனுள்ளிருக்கும் டயோடுகள் அந்த மின்சாரத்தை ஒரே திசையில் செல்லுமாறு திருத்துகின்றன. ரெகுலேட்டர் அதை 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்துகிறது. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே காட்டவேண்டும். உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குப் போவதற்கு ஒரு கம்பி இருப்பதுபோல, அது திரும்பி வருவதற்கு வண்டியின் உடம்பும் எர்த்துக் கேபிளும் வழியாக இருக்கின்றன. போகும் வழியைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். திரும்பும் வழியை நினைப்பவர் மிகச் சிலர். வெள்ளநீரும் சேறும் முதலில் கைவைப்பதோ அந்தத் திரும்பும் வழியில்தான்.

பழைய டீசல் வண்டிக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷ ஆபத்து உண்டு. பெட்ரோல் என்ஜினில் மின்சாரம் குன்றினால் பிளக்கில் பொறி குன்றி, வண்டி தானே நின்று தன் நோயை அறிவித்துவிடும். பழைய முறைப் பம்பு கொண்ட டீசல் என்ஜினோ, காற்றை அழுத்திச் சூடேற்றி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைப்பது. ஒருமுறை கிளம்பிவிட்டால், டீசல் வழியைத் திறந்து வைத்திருக்கும் ஒரு சிறு வால்வுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தவிர வேறொன்றையும் கேளாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே பேட்டரி நாள்தோறும் இறங்கிக்கொண்டு வருவதை உரிமையாளர் உணர்வதில்லை. ஆனால், அதே அழுத்தத்தை எதிர்த்து என்ஜினைச் சுழற்றவேண்டிய செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவைப்படுவதால், மறைந்திருந்த குறை காலை நேரத்தில் ஒரேயடியாக வெளிப்படுகிறது. என் வண்டியில் டாஷ்போர்டின் பேட்டரி விளக்கும் எரியவில்லை. அந்த விளக்கு ஆல்டர்னேட்டரின் நிலையைச் சொல்லுமே தவிர, அது உண்டாக்கிய மின்சாரம் பேட்டரியை முழுதும் சென்றடைந்ததா என்பதைச் சொல்லாது. விளக்கு எரியவில்லை, ஆகையால் சார்ஜ் ஏறுகிறது என்பது வெறும் அநுமானம். மீட்டர் காட்டுவதே பிரத்தியட்சம்.

அநுமானத்தினால் விளையும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் கேபிளைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. மேலே சொன்ன சிறு வால்வுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் கிடைத்தாலே பழைய டீசல் என்ஜின் ஓடும் என்பதால், சார்ஜ் சரியாக ஏறுகிறது என்பதை இச்சோதனை நிரூபிப்பதில்லை. மாறாக, அந்தக் கணத்தில் எழும்பும் மின்னழுத்தம் நல்ல டயோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடக்கூடும். மேலும், பல டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே அமைந்திருக்கிறது. அதன் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே கசிந்தால் கார்பன் பிரஷ்கள் நனைந்து சார்ஜ் கெடும்; பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக்கின் இலகுவும் போய்விடும். கிறீச்சிடும் பெல்ட்டை அசட்டை செய்பவர் தம் உயிரையும் எதிரே வருபவர் உயிரையும் சேர்த்தே அசட்டை செய்கிறார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர்களைக் குறைகூறி முடிப்பது எளிது, நியாயம் ஆகாது. எர்த்துக் கேபிளை மாற்றித் தந்த அந்தப் பெரியவரிடம் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கேட்டபோது, “கேபிளுக்கு மட்டும் குடுங்க சார், பாத்ததுக்கு என்ன காசு” என்றார். அந்தச் சொல் என்னை வெகுநாள் வருத்தியது. பயனில்லாத ஒரு பேட்டரிக்குச் சில ஆயிரங்களைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்த என்போன்றவர்கள்தாம், உண்மையைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கேட்டால் முகம் சுளித்து, கேட்கவே கூசும்படி அவரைப் பழக்கிவைத்திருக்கிறோம். பொருள் விற்றால் லாபம், சோதித்தால் ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒரு தொழிலாளியை நிறுத்திவிட்டு, அவர் ஏன் பொருளையே விற்கிறார் என்று கேட்பதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பழைய டீசல் வண்டிகளுக்கு இவ்வளவு பரிவு எதற்கு, அவற்றை உடைத்துவிட்டு மின்சாரக் கார் வாங்கலாமே என்று சிலர் கேட்கலாம். புகை விடும் வண்டியைப் புகைச் சோதனை பிடிக்கட்டும். பதினைந்து ஆண்டு கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போது தகுதி பார்ப்பவர்கள் தள்ளவேண்டியதைத் தள்ளட்டும். அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. களிம்பேறிய ஒரு போல்ட்டுக்காக, ஒரு குடும்பத்தின் வண்டி புதுப்பேட்டையில் உதிரி பாகங்களாகப் பிரிவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். அவசியமின்றி மாற்றப்படும் ஒவ்வொரு பேட்டரியும் ஈயமும் அமிலமும் நிறைந்த ஒரு சுமை. அதை முறையாகச் சேகரிக்க 2022-இல் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கிறது என்றாலும், அந்தச் சுமையை உண்டாக்காமல் இருப்பது அதனினும் மேலான காரியம். மின்சாரக் கார்கள் வந்தாலும் கம்பிகளும் இணைப்புகளும் மழையும் இருக்கத்தான் போகின்றன. அளந்து பார்க்கும் அறிவு அங்கே இன்னும் அதிகமாகவே வேண்டியிருக்கும்.

இந்தச் சென்னை வட்டாரம் வாகனத்துக்கு அந்நியமானதல்ல. பாடியில், 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை ஆல்டர்னேட்டரும் செல்ஃப் மோட்டாருமாக நாட்டின் வாகனங்களுக்கு வேண்டிய மின்கருவிகளைச் செய்து வருகிறது. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்ற பின்னும் அங்கே பிறந்த டீசல் கார்கள் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆலை மூடினாலும் வண்டி ஓடும்வரை அதை அறிந்த கைகள் வேண்டும். ஆகவே நம் தொழிற்பயிற்சி நிலையங்கள், பாகத்தைக் கழற்றி மாட்டும் பயிற்சிக்கு நிகராக, இணைப்பில் தொலையும் வோல்ட்டைத் தேடிப் பிடிக்கும் பயிற்சியையும் அளிக்கவேண்டும். பட்டறைகள் சோதனைக்கு இவ்வளவு கூலி என்று வெளிப்படையாகப் பலகை எழுதி மாட்டவேண்டும். வண்டி வைத்திருக்கும் நாமோ, எதையும் மாற்றச் சம்மதிப்பதற்கு முன், எங்கே எத்தனை வோல்ட் காட்டியது என்று மரியாதையோடு கேட்கவேண்டும்.

அன்று அந்தப் பெரியவரிடம் கேபிளின் விலையைக் கொடுத்துவிட்டு, அவருடைய அரைமணி நேரத்துக்கும் ஒரு தொகையைக் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார். முதல் பட்டறையிலேயே நான் இந்தக் கூலியைக் கொடுக்க முன்வந்திருந்தால், நல்ல பேட்டரி ஒன்று குப்பைக்குப் போயிராது என்று அவரிடம் சொன்னேன். அதன் பிறகே வாங்கிக்கொண்டார்.